பியாதாசா பற்றிப் பள்ளியில் கண்காட்சி: அட்டையில் என்ன எழுதுவது?

செந்தூல் டீச்சர்
வணக்கம். நான்காம் படிவ மாணவர்கள் 12 பேர் மலேசிய ஓவியர் ரெட்சா பியாதாசாவைப் பற்றி மூன்று நாள் கண்காட்சி வைக்கிறார்கள். 1974-இல் சக ஓவியர் சுலைமான் ஈசாவோடு சேர்ந்து கோலாலம்பூரில் உள்ள மலாய்மொழி நிறுவனமான டேவான் பஹாசாவில் அவர் வைத்தது போன்ற பொருள்களை இவர்களே புதிதாகச் சேகரிக்க வேண்டும். எரிந்த கொசுவர்த்தி, பாதி குடித்த கோக் போத்தல், வெறுங்கூண்டு என்று மேசையில் பரப்பினால் பழைய சாமான் கடை மாதிரி ஆகிவிடுமோ?

கலைமேசை
அட்டையைச் சரியாக எழுதினால் ஆகாது, டீச்சர். பியாதாசாவும் சுலைமானும் கூண்டுக்கு வைத்த தலைப்பைப் பாருங்கள்: 1974 ஜூன் 10, திங்கட்கிழமை பிற்பகல் 2.46-க்குப் பறவையை விடுவித்த பின் இருக்கும் வெறுங்கூண்டு. அந்த 2.46-தான் உயிர். பொருளை வடிவமாகப் பார்க்காதே, காலத்தில் நடந்துகொண்டிருக்கும் ஒன்றாகப் பார் என்பதே அவர்கள் வாதம். ஜென், தாவோ என்ற கிழக்காசியச் சிந்தனைகளிலிருந்து எடுத்தது.

12 பேருக்கு ஆறு பொருள் போதும். ஜோடியில் ஒருவர் பொருளை எடுக்க, மற்றவர் அங்கேயே நேரத்தைக் குறிக்கட்டும். வீட்டுக்குப் போய் எழுதினால் 2.30, 5.00 என்று முழு எண்ணாக வரும், படிப்பவர் நம்பமாட்டார். என்ன பொருள், என்ன நடந்தது, எங்கே, எந்த நாள், எத்தனை மணி: ஒரே வாக்கியம், வெள்ளை மணிலா அட்டை. ‘தனிமை’, ‘சுதந்திரம்’ என்று எழுதவிடாதீர்கள், அங்கேயே கெட்டுப்போகும்.

கொசுவர்த்தி முழுதாக எரிய ஏழெட்டு மணி நேரம் ஆகும். காட்சிக்கு வைக்கப்போகும் பீங்கான் தட்டிலேயே, காற்றடிக்காத இடத்தில் கொளுத்துங்கள். சாம்பல் சுருள் மாறாமல் விழும், ஆனால் வேறு தட்டுக்கு மாற்றினால் பொடிந்துவிடும். தட்டோடு கேக் பெட்டியில் வைத்துத் தூக்குங்கள். மண்டபத்தில் மேலே சுழலும் காற்றாடியை நிறுத்துங்கள். வழியில் உடைந்தால் புதிது கொளுத்த வேண்டாம். அட்டை அன்று எரிந்த அந்தச் சுருளுக்கு எழுதியது; உடைந்ததை உடைந்தபடியே வையுங்கள்.

கோக்குக்கு எறும்பு வரும். மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், வீட்டில் சாப்பாட்டு அலமாரிக்குச் செய்வதுபோல.

பங்சார் வாசகர்
1974-ஓடு நிறுத்திவிடாதீர்கள். குவாந்தானில் 1939-இல் பிறந்து 2007-இல் மறைந்தவர். இடையில் அவர் கேட்ட கேள்விகள் பல. 1970-இல் தேசியக் கொடி தீட்டிய சவப்பெட்டியைக் கண்ணாடிமேல் நிறுத்தினார், 1969 மே 13 இனக்கலவரத்தை நினைத்து. கிட்டே போனால் கண்ணாடியில் பார்ப்பவரும் தெரிவார். அதைக் காட்டுவதானால் பள்ளி முதல்வரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். எண்பதுகளில் பழைய குடும்பப் புகைப்படங்களைப் பயன்படுத்தி ‘மலேசியத் தொடர்’ என்ற படைப்புகளைச் செய்தார். மாணவர்கள் எளிதில் உள்ளே நுழைய அதுதான் நல்ல வாசல். கலை வரலாற்றாசிரியர் டி. கே. சபாபதியோடு சேர்ந்து 1983-இல் மலேசிய ஓவியர்களைப் பற்றி நூலும் எழுதினார். ஓவியர் என்று மட்டும் அறிமுகம் செய்தால் பாதி ஆள்தான் தெரிவார்.

செந்தூல் டீச்சர்
நன்றி. கூண்டுக்கு என்ன செய்வது? பறவை பிடிக்க மனம் வரவில்லை.

கலைமேசை
பிடிக்க வேண்டாம். பறவையே இருந்திராத கூண்டுக்கு, விடுவித்ததாக எழுதினால் அட்டை பொய்யாகிவிடும். கூண்டுக்குப் பதிலாக, கடையில் கட்டிக் கொடுத்த தே தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) பிளாஸ்டிக் பையை, குடித்து முடித்ததும் ஸ்ட்ராவோடு அப்படியே தொங்கவிடுங்கள். வாங்கிய நேரம், கடைசி மடக்குக் குடித்த நேரம் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். கீழே தட்டு ஒன்று அவசியம். அடியில் தங்கிய தேநீர் சொட்டும்.