பொத்தான் கடைப் பாட்டி ஈடா காமின்ஸ்கா: உங்களுக்கு எங்கே எதிர்ப்பட்டார்?

யித்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி) நாடக நடிகை ஈடா காமின்ஸ்கா 1980-இலேயே நியூயார்க்கில் காலமாகிவிட்டார். நேரில் பார்த்தவர்கள் நம்மில் இருக்க வாய்ப்பு குறைவு. திரையில் பார்த்திருந்தாலும் சரி, கல்லறையில் பெயரைப் படித்திருந்தாலும் சரி, எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

கல்லூரி பிலிம் சொசைட்டியில் ஒரு மழை நாள். ‘தி ஷாப் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’, 1965-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் எடுத்த படம். கதை நடப்பது 1942-இல். ஸ்லோவாக்கியாவில் ஹிட்லருக்கு அடங்கிய அரசு, யூதர்களின் கடைகளைப் பிடுங்கி மற்றவர்களிடம் கொடுக்கிறது. டோனோ என்ற தச்சனுக்கு ஒரு கிழவியின் பொத்தான் கடை கிடைக்கிறது. போய்ப் பார்த்தால் கடையில் சல்லிக்காசு வருமானமில்லை, கிழவிக்குக் காதும் மந்தம். பறிக்க வந்தவனை, ஒத்தாசைக்கு வந்த பிள்ளை என்று நினைத்துச் சோறு போடுகிறாள், செத்துப்போன கணவனின் உடுப்பை எடுத்துத் தருகிறாள்.

காது கேளாதவராக நடிப்பவர்கள் நெற்றியைச் சுருக்கி, கையைக் காதில் குவித்து ஒரு வழி பண்ணிவிடுவார்கள். கிழவியாக நடித்த ஈடாவோ காதில் விழாத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் துளி சந்தேகம் இல்லை. அரங்கில் முதலில் சிரித்தோம். ஊரிலுள்ள யூதர்களைச் சதுக்கத்தில் கூட்டிப் பெயர் கூப்பிடும் காட்சி வந்ததும், இவருக்கு இப்போதாவது கேட்டுவிடாதா என்று தவிப்பாக இருந்தது. முடிவைச் சொல்லமாட்டேன்.

யாரோ கிராமத்துப் பாட்டியைப் பிடித்து நடிக்கவைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். ஐந்து வயதில் மேடையேறியவர் என்று பிறகுதான் தெரிந்தது. இந்தப் படத்துக்காக 67 வயதில் சிறந்த நடிகை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். கிடைத்தது எலிசபெத் டெய்லருக்கு. படம் அமெரிக்காவில் தாமதமாக வெளியானதால் ஒரு வேடிக்கை: சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான விருதை முந்தைய ஆண்டே வாங்கியாகிவிட்டது!

மறுமொழி 1

வேலைக்காகப் போலந்துத் தலைநகர் வார்சாவில் இருக்கிறேன். இங்குள்ள யூத நாடக அரங்குக்கு இரண்டு பேர் பெயர்: எஸ்தர் ராகேல் காமின்ஸ்கா, ஈடா காமின்ஸ்கா. தாயும் மகளும். தாயை ‘யித்திஷ் நாடகத்தின் தாய்’ என்றே சொல்வார்கள். பெற்றோர் இருவரும் நாடகக்காரர்கள். ஈடா 1899-இல் ஒடெஸ்ஸாவில் பிறந்தார். 1924-இல் வந்த ஒரு மௌனப் படத்தில் தாயும் மகளும் சேர்ந்தே நடித்திருக்கிறார்கள்.

போருக்கு முன் போலந்தில் யூதர்கள் சுமார் 33 லட்சம் பேர். ஈடாவும் முதல் கணவர் ஸிக்மண்ட் துர்கோவும் வார்சாவில் சொந்தக் கம்பெனி நடத்தினார்கள். போர் வந்ததும் லிவிவ், அங்கிருந்து கிர்கிஸ்தானின் ஃப்ரூன்ஸே (இன்றைய பிஷ்கெக்) என்று ஓடிப் பிழைத்தார். திரும்பி வந்தபோது நாடகம் பார்த்த ஜனங்களில் பத்தில் ஒன்பது பேர் உயிரோடு இல்லை. அதற்குப் பிறகும் யித்திஷிலேயே நாடகம் போட்டார் பாருங்கள், அங்கேதான் எனக்கு மலைப்பு. அரசு யூத நாடக அரங்கை 1968 வரை அவர்தான் நடத்தினார். மொழி தெரியாதவர்களுக்கு ஹெட்போனில் போலிஷ் மொழிபெயர்ப்பு ஓடும்.

நானும் இங்கே ஒரு யித்திஷ் நாடகத்துக்குப் போயிருக்கிறேன். மொழிபெயர்ப்பை நம்பி உட்கார்ந்தவன், பாதியில் அதை விட்டுவிட்டு வெறும் குரலைக் கேட்டேன். ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் எழுந்து வர மனமில்லை.

மறுமொழி 2

அவர் அதிகம் பேசப்பட்டது ‘மிரெலெ எஃப்ரோஸ்’ நாடகத்துக்கு. ஜேக்கப் கோர்டின் எழுதியது. முதலில் அம்மாவின் புகழ்பெற்ற வேடம், பிறகு மகளுடையது. கணவனை இழந்து தனியாளாக வியாபாரத்தை நிமிர்த்திய பணக்காரி; வீட்டுக்கு வந்த மருமகள் சாவிக்கொத்தைக் கைப்பற்றுகிறாள்; மாமியார் வெளியேறுகிறாள். கடைசியில் பேரன் வந்து கூப்பிட வேண்டியிருக்கிறது. கதையைச் சொன்னதும் என் மனைவி, “இது எந்தச் சேனல்ல வருது?” என்று கேட்டாள்.

மறுமொழி 3

ஈடா அரங்கை நடத்துவது 1968-இல் ஏன் நின்றது என்று யாரும் எழுதவில்லையே? மேலே சொன்ன தோழர் கொஞ்சம் சொல்லுங்களேன்.

மறுமொழி 4 (வார்சாக்காரர்)

சொல்கிறேன். 1967 அரபு-இஸ்ரேல் போருக்குப் பிறகு இங்கே ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியே யூதர்களுக்கு எதிராகப் பிரசாரத்தில் இறங்கியது. வேலை போயிற்று, பத்திரிகைகளில் வசவு. ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். கையில் கொடுத்த பயணத்தாளில், இதை வைத்திருப்பவர் போலந்துக் குடிமகன் அல்ல என்று அச்சடித்திருந்தது. பலர் ரயிலேறிய, வார்சாவிலேயே உள்ள க்தான்ஸ்க் நிலையத்தில் இப்போது ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. நான் தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன். ஈடாவும் அந்த ஆண்டே நாட்டை விட்டுப் போனார். ஆஸ்கர் மேடை வரை போன நடிகைக்கு அடுத்த வருடம் சொந்த ஊரில் இடமில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுமொழி 5

நியூயார்க்கிலிருந்து எழுதுகிறேன். 1967-இல் பிராட்வேயில் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் ‘மதர் கரேஜ்’ நாடகத்தை யித்திஷில் நடித்துவிட்டுப் போனவர், அடுத்த ஆண்டுக்குப் பிறகு இங்கேயே குடியேறினார். குயின்ஸில் மவுண்ட் ஹெப்ரன் கல்லறைத் தோட்டத்தில் யித்திஷ் நாடகக் கலைஞர்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு, அவர் அங்கேதான். நான் பூ வாங்கிக்கொண்டு போனேன். யூதர்கள் கல்லறையில் கூழாங்கல் வைப்பதுதான் வழக்கம் என்று உடன் வந்த நண்பர் சொன்னார். பூவைக் காரிலேயே விட்டுவிட்டு, வழியில் கிடந்த ஒரு சின்னக் கல்லைத் துடைத்து வைத்தேன்.

மறுமொழி 6 (வார்சாக்காரர்)

அம்மா எஸ்தர் ராகேல் இங்கே ஒகோபோவா தெருக் கல்லறையில் இருக்கிறார். வருபவர்கள் சொல்லுங்கள், கூட்டிப் போகிறேன். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், பூட்டியிருக்கும்.