வேர்ட்பிரஸ்: சேமித்த அமைப்பு இன்டெக்ஸில் வருகிறது, ஹெடரில் வரவில்லை

கேள்வி:
வணக்கம். ஒரு புத்தகக் கடைக்காக வேர்ட்பிரஸ் தீம் (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புகள்) எழுதிக்கொண்டிருக்கிறேன். கடையின் தொலைபேசி எண், லோகோ, நிறம் எல்லாம் ஒரே ஆப்ஷனில் (தரவுத்தளத்தில் வேர்ட்பிரஸ் வைக்கும் அமைப்பு) அரேயாக, அதாவது பெயரிட்ட மதிப்புகளின் தொகுப்பாகச் சேமிக்கப்படுகின்றன. ஃபங்ஷன்ஸ் கோப்பில் கெட்_ஆப்ஷன் மூலம் அதை எடுத்து $கடை என்ற மாறியில் வைத்திருக்கிறேன். இன்டெக்ஸ் கோப்பில் $கடை['எண்'] சரியாகத் தெரிகிறது. அதே வரியை ஹெடரில் ஒட்டினால், மாறி வரையறுக்கப்படவில்லை என்ற எச்சரிக்கைதான் வருகிறது. ஃபுட்டரிலும் அப்படியே. காரணம் என்ன?

பதில்:
ஹெடர் கோப்பு இன்டெக்ஸுக்குள் நேரடியாகச் சேர்வதில்லை. கெட்_ஹெடரை அழைத்தால், கடைசியில் லோட்_டெம்ப்ளேட் என்ற ஃபங்ஷன்தான் அந்தக் கோப்பைத் திறக்கிறது. ஃபங்ஷனுக்குள் திறக்கப்படும் கோப்புக்கு வெளியே இருக்கும் மாறிகள் தெரியா. $போஸ்ட் போன்ற சிலவற்றை மட்டும் வேர்ட்பிரஸே உள்ளே எடுத்துக் கொடுக்கிறது. ஹெடரின் தொடக்கத்தில் 'குளோபல் $கடை;' என்று எழுதிப் பாருங்கள். வெளியே இருக்கும் அந்த மாறியையே பயன்படுத்தச் சொல்லும் வரி அது.

கேட்டவர்:
வந்துவிட்டது, மிக்க நன்றி ஐயா. இதை ஒவ்வொரு கோப்பிலும் எழுத வேண்டுமா?

வேறொருவர் பதில்:
குளோபலே வேண்டாம் என்பேன். நாளை ஏதாவது ஒரு பிளக்இன் (தளத்தில் சேர்க்கும் கூடுதல் நிரல்) அதே பெயரில் ஒரு குளோபல் மாறியை வைத்தால் உங்கள் மதிப்பு அழிந்துவிடலாம். பிழையைத் தேடியே பொழுது போய்விடும். ஃபங்ஷன்ஸ் கோப்பில் கடை_அமைப்பு($சாவி, $இயல்பு) என்று ஒரு சிறு ஃபங்ஷன் எழுதுங்கள். அது கெட்_ஆப்ஷனை அழைத்து, சாவி இருந்தால் அதன் மதிப்பையும் இல்லாவிட்டால் இயல்பு மதிப்பையும் திருப்பித் தரட்டும். ஹெடரில் கடை_அமைப்பு('எண்', '') என்றால் போதும். அச்சிடும்போது, மதிப்பில் உள்ள எச்டிஎம்எல் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றும் எஸ்க்_எச்டிஎம்எல் வழியாகவே அச்சிடுங்கள். இதில் தயவுசெய்து சோம்பல் வேண்டாம்.

கேட்டவர்:
அழைக்கும்போதெல்லாம் தரவுத்தளத்துக்குப் போய்வராதா?

வேறொருவர் பதில்:
போகாது. ஆட்டோலோடு ஆகும் (பக்கம் திறக்கும்போது தானாகவே ஏற்றப்படும்) ஆப்ஷன்கள் அனைத்தும் ஒரே வினவலில் நினைவகத்துக்கு வந்துவிடும். அதன்பின் எத்தனை முறை அழைத்தாலும் அங்கிருந்தே கிடைக்கும். ஒரு டெம்ப்ளேட்டுக்கு மட்டும் ஒரு மதிப்பை அனுப்ப வேண்டுமானால், 2020இல் வந்த 5.5 பதிப்பு முதல் கெட்_ஹெடருக்கும் கெட்_டெம்ப்ளேட்_பார்ட்டுக்கும் அந்த மதிப்பை ஆர்க்ஸ் என்ற அரேயில் வைத்துக் கொடுக்கலாம்.

கெட்_ஆப்ஷனுக்குப் பதிலாக, தீமின் அமைப்புகளை (தீம் மாடு) எடுக்கும் கெட்_தீம்_மாடுக்கு மாறும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தீம் மாடு ஒவ்வொரு தீமுக்கும் தனித்தனியாகச் சேமிக்கப்படுகிறது. சைல்டு தீமுக்கு (இந்தத் தீமை அடிப்படையாகக் கொண்ட இன்னொரு தீம்) மாறிய அன்றே தொலைபேசி எண் காணாமல் போகும். நிறம் தீமுக்கு உரியது, அங்கே போகலாம். எண் கடைக்கு உரியது, ஆப்ஷனிலேயே இருக்கட்டும்.

கேட்டவர்:
ஃபங்ஷனாக மாற்றிவிட்டேன். ஹெடர், ஃபுட்டர், 404 பக்கம் மூன்றிலும் எண் வருகிறது. நிறத்தை மட்டும் தீம் மாடுக்குக் கொண்டுபோகிறேன். இருவருக்கும் நன்றி.