95 ஆக்டேன் ஊத்தியும் மைலேஜ் 17-ல இருந்து 15-க்கு இறங்கிடுச்சு, ஏனுங்க?

தறிச்சத்தம் – 24 ஆகஸ்ட் 2025

எல்லாருக்கும் வணக்கமுங்க. பல்லடத்துல விசைத்தறி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சிருக்கேன். வண்டி 2019 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. வாரத்துல நாலு நாள் காலைல கோயமுத்தூர் போயி, கணபதி, பீளமேடு பக்கம் ஃபவுண்டரியில காஸ்டிங் ஏத்திட்டு சாயங்காலம் திரும்புவேன். காரணம்பேட்டை, சூலூர், ஒண்டிப்புதூர், சிங்காநல்லூர் வழி. போக வர 75 கிலோமீட்டர் வந்துரும்.

ஏப்ரல் வரைக்கும் சாதா பெட்ரோல்தான். 17, பதினேழரை கொடுத்துட்டு இருந்துச்சு. மே கடைசியில பங்க்ல இருக்கற பையன், "அண்ணா 95 போடுங்க, ரெண்டு கிலோமீட்டர் கூடக் கெடைக்கும், இன்ஜினும் கிளீன் ஆயிரும்"னான். எங்க பங்க்ல லிட்டருக்கு 8 ரூபாய் கூட. சரி, போனாப் போகுதுன்னு மாத்துனேன். ஜூன்ல 16. ஜூலைல 15.5. இப்ப 15.2.

காசையும் கூடக் கொடுத்து மைலேஜும் குறைஞ்சா மனசு ஆறுமா சொல்லுங்க. சர்வீஸ் பிப்ரவரியில பண்ணேன். ஏர் ஃபில்டர், பிளக் எல்லாம் புதுசு. 95 என் வண்டிக்கு ஒத்துக்கலையா? மறுபடியும் சாதாவுக்கே போயிரலாமா?

டாப்கியர் – 24 ஆகஸ்ட்

95 நல்லாத்தான் இருக்கும் ப்ரோ. நான் ரெண்டு வருசமா அதான் போடறேன், பிக்கப் செமயா இருக்கு. பங்க்கை மாத்திப் பாருங்க.

திருப்பூர் ஸ்பேனர் – 25 ஆகஸ்ட்

அண்ணா, நான் 14 வருசமா ஒர்க்‌ஷாப் நடத்தறேன். ஆக்டேன்ங்கறது பெட்ரோலோட சத்து இல்லீங்க. 95-ல கூட எனர்ஜி, சாதா பெட்ரோலான 91-ல கம்மின்னு எல்லாரும் நெனச்சுக்கறாங்க. அது வேற கதை.

சிலிண்டருக்குள்ள பிஸ்டன் மேல வந்து காத்தையும் பெட்ரோலையும் அழுத்தும். உங்க காலத்து 1.2 இன்ஜின்ல பதினோரு பங்கை ஒரு பங்கா அழுத்தற மாதிரி இருக்கும். அப்படி அழுத்தறப்ப சூடாகும். பிளக் பொறி விட்டதும் தீ ஒரு மூலையில இருந்து பரவணும். அது போயிச் சேர்றதுக்குள்ள அந்தக் கடைசி மூலையில இருக்கற பெட்ரோல் தானா வெடிச்சா, ஏத்தத்துல நாலாவது கியர்ல மிதிக்கறப்ப தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குற மாதிரி ஒரு சத்தம் வரும். அதான் நாக்கிங். அப்படித் தானா பத்திக்காம பெட்ரோல் எவ்வளவு தாக்குப் பிடிக்குதுங்கறதுக்குத்தான் ஆக்டேன் நம்பர். தாக்குப் பிடிக்கறது வேற, கூட ஓடறது வேற.

டர்போ வண்டி, இல்லைன்னா கம்பெனியே 95 வேணும்னு மேனுவல்ல போட்டிருக்கற வண்டின்னா வித்தியாசம் தெரியும். அதுல சாதா ஊத்துனா நாக்கிங்கைக் கண்டுபுடிக்கற நாக் சென்சார் சொல்லி, இன்ஜின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. பிளக் பொறி விடற நேரத்தைப் பின்னாடி தள்ளிரும். இழுவையும் போகும், மைலேஜும் போகும். உங்க வண்டி 91-க்கே டியூன் பண்ணது. 91-ல நாக் இல்லைன்னா 95-ல அதுக்குச் செய்யறதுக்கு ஒண்ணுமே இல்லை.

இன்னொண்ணு. இந்த மாசம் பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கு, 20 சதவீத எத்தனால் கலந்ததால சாதா பெட்ரோலே இப்ப 95 ஆக்டேன்னு. எத்தனாலுக்கு ஆக்டேன் 108 கிட்ட, அதான் தூக்கி விடுது. அப்ப நீங்க கூடக் கொடுக்கற 8 ரூபாய் எதுக்குன்னு பார்த்தா, அதுல சேர்க்கற கிளீனிங் மருந்துக்குத்தான். கெடுதல் இல்லை. ஆனா 95 ஊத்துனதால மைலேஜ் குறைஞ்சுதுன்னும் சொல்ல முடியாது. வேற எங்கயோ ஓட்டை இருக்கு.

நெடுவழி – 25 ஆகஸ்ட்

எங்க ஓட்டைன்னு நான் சொல்றேன். எல்லாம் எத்தனால்! இந்த 20 சதவீதம் கலந்த ஈ20 வந்ததுல இருந்து என் வண்டி 14-ஐத் தாண்டல. எத்தனால் இல்லாத 100 ஆக்டேன் ஊத்துங்க, அப்பத் தெரியும்.

திருப்பூர் ஸ்பேனர் – 25 ஆகஸ்ட்

நெடுவழி அண்ணா சொல்றதுல பாதி நெசம். ஒரு லிட்டர் பெட்ரோல்ல சுமார் 32 மெகாஜூல் எனர்ஜின்னா, எத்தனால்ல 21-தான். அஞ்சுல ஒரு பங்கு அதுன்னா மைலேஜ் குறையாம இருக்காது. நிதி ஆயோக் 2021-ல போட்ட அறிக்கையிலயே இருக்கு: எத்தனால் இல்லாத பெட்ரோலுக்குச் செஞ்சு 10 சதவீதத்துக்கு டியூன் பண்ண காருக்கு ஈ20-ல 6-7 சதவீதம் அடி, ஈ20-க்கே டியூன் பண்ண வண்டிக்கு 1-2 சதவீதம்.

ஆனா இவரோட கணக்கைப் பாருங்க. 17.5-ல இருந்து 15.2-ன்னா 13 சதவீதம். அதுவும் ஏப்ரலுக்கும் ஆகஸ்ட்டுக்கும் நடுவுல. ஏப்ரல்ல ஊத்துன சாதாவுலயும் எத்தனால் இருந்துச்சு, இப்ப ஊத்தற 95-லயும் இருக்கு. 100 ஆக்டேன் லிட்டர் 160 ரூபாய் பக்கம் வருது. அதை ஊத்திட்டு மைலேஜ் பேசறது, பஸ் டிக்கெட்டை மிச்சம் பண்ண ஆட்டோவுல போற கதை.

பழைய டிரைவர் – 26 ஆகஸ்ட்

தம்பி, நான் அரசு பஸ்ல 31 வருசம் ஓட்டி ரிட்டையர் ஆனவன். பொள்ளாச்சி–வால்பாறை கொஞ்ச காலம், கோவை–பழனி ரொம்ப காலம். பெட்ரோல் வண்டி எனக்கு அவ்வளவு பழக்கமில்லை, ஆனா எண்ணெய்க் கணக்கு தெரியும். எங்க டிப்போவுல சுவத்துல ஒரு கரும்பலகை இருக்கும். ஒவ்வொரு டிரைவர் பேரும், பக்கத்துல லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்ங்கற அந்த மாச கே.எம்.பி.எல்.லும் எழுதிருவாங்க. 5.1 எடுத்தவன் 5.5 எடுத்தவன் பக்கத்துல நின்னு டீ குடிக்க மாட்டான். அவ்வளவு மானப் பிரச்சனை. ஒரே வண்டி, ஒரே ரூட்டு, ஒரே டீசல். ஆள் மாறுனா அரைப் புள்ளி மாறும்.

அதனால உங்களை நாலு கேள்வி கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க.

மைலேஜ் எப்படிப் பார்க்கறீங்க? டேங்க் நிரப்பியா, 500 ரூபாய்க்குப் போட்டு லைட் எரியற வரைக்குமா?

டயர்ல காத்து கடைசியா எப்பப் புடிச்சீங்க? ஓட்டுநர் கதவைத் தொறந்தா உள் பக்கம் ஸ்டிக்கர் இருக்கும், அதுல இருக்கற அளவா?

ஜூன்ல இருந்து உங்க ஓட்டத்துல என்ன மாறிச்சு?

காஸ்டிங் எவ்வளவு எடை, கடையில எறக்குறீங்களா, இல்லை டிக்கியிலயே குடியிருக்கா?

நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே ஒண்ணு சொல்லிடறேன். ஜூன்ல இருந்து பல்லடத்துல என்னன்னு உங்களுக்கே தெரியும். ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து நேரா உங்க ரோட்டு மேலதான் அடிக்கும். காத்தாலைக்காரங்க பல்லடத்தையும் உடுமலையையும் தேடி வந்தது அதுக்குத்தான். நீங்க காலைல மேற்க பார்த்துப் போறீங்க, அப்ப எதிர்க்காத்து. கோயமுத்தூர் உங்க ஊரை விட உயரமும்கூட, போறது முழுக்க லேசான ஏத்தம்.

வண்டி 80-ல போறப்ப எதிர்க்காத்து 20-ல அடிச்சா, காத்தைப் பொறுத்தவரைக்கும் வண்டி 100-ல போகுது. காத்தோட தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், ஒன்றரை மடங்குக்கு மேல ஆயிரும். சாயங்காலம் பின்காத்துல அது பாதிக்குக் கொஞ்சம் மேல நிக்கும். போனதும் வந்ததும் சரியாப் போச்சுன்னு சொல்லாதீங்க, கூட்டிப் பார்த்தா கையில நட்டம்தான். பஸ்ஸுல இது இன்னும் மோசம். பழனியில இருந்து உடுமலை வழியா கோவை வர்ற டிரிப்புல ஆனி, ஆடி, ஆவணி மூணு மாசமும் என் பேரு போர்டுல கீழதான் இருக்கும். ஐப்பசியில மேல வரும். அப்ப நான் திடீர்னு நல்ல டிரைவர் ஆயிடுவேன்!

தறிச்சத்தம் – 26 ஆகஸ்ட்

ஐயா, நீங்க பக்கத்துல உக்காந்து பார்த்த மாதிரி கேக்கறீங்க.

மைலேஜ்: 500 ரூபாய்க்குப் போட்டு லைட் எரியற வரைக்கும்தான் பார்ப்பேன். காத்து: யோசிச்சுப் பார்த்தேன், ஞாபகமே வரல. இன்னைக்கு காலைல வண்டி சூடாகறதுக்குள்ள போயிப் பார்த்தேன். ஸ்டிக்கர்ல இருக்கறதை விட முன்னாடி ரெண்டுலயும் 6 பி.எஸ்.ஐ. கம்மி, பின்னாடி ஒண்ணுல 8 கம்மி.

ஜூன்ல என்ன மாறிச்சுன்னா, பாப்பாவைப் புது ஸ்கூல்ல சேர்த்தோம். காலைல விட்டுட்டுத்தான் கோயமுத்தூர் போறேன். கேட் தொறக்கற வரைக்கும் ஏசி போட்டு வண்டியிலயே உக்காந்திருப்போம், ஒரு கால் மணி நேரம். நான் கடையில இருக்கற நாள்ல சாயங்காலமும் அதே.

காஸ்டிங்... ஒரு டிரிப்புக்கு 80 கிலோ வரும். எறக்கிருவேன். ஆனா விக்காம நிக்கற பழைய மாடல் பீஸு ஒரு 40 கிலோ ரெண்டு மாசமா டிக்கியிலயே கெடக்கு. ஃபவுண்டரியில திருப்பிக் கொடுக்கலாம்னு.

பழைய டிரைவர் – 27 ஆகஸ்ட்

இப்பப் புரியுதுங்களா? 500 ரூபாய்ன்னா அஞ்சு லிட்டர்கூட இல்லை. அந்த லைட்டு மேட்டுல நின்னா ஒரு இடத்துல எரியும், பள்ளத்துல நின்னா வேற இடத்துல எரியும். அரை லிட்டர் முன்ன பின்ன ஆனாலே பத்து சதவீதம் போச்சு.

ஒரே பங்க், ஒரே பம்ப்பு, வண்டியும் அதே இடத்துல நிக்கணும். டேங்க் நெறஞ்சு பம்ப்பு தானா நிக்கற முதல் ஆட்டோ கட்டுல நிறுத்திரணும், அதுக்கு மேல பத்து ரூபாய் ரவுண்டுக்குத் திணிக்கக் கூடாது. ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணுங்க. 450, 500 ஓட்டுங்க. திரும்ப அதே மாதிரி நிரப்பி, ஓடுன தூரத்தை ஊத்துன லிட்டரால வகுங்க. ஒரு டேங்க் சாதா, ஒரு டேங்க் 95. இந்த ஆடிக்காத்து அடிக்கறப்ப ஒரு சுத்து, அது நின்னதும் ஒரு சுத்து.

ஸ்கூல் வாசல்ல இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. நின்ன இடத்துல கிலோமீட்டர் ஓடாது, எண்ணெய் மட்டும் ஓடும். ஏசியோட நின்னா உங்க வண்டி மணிக்கு முக்கால் லிட்டர் குடிச்சிரும். அதோட காலைல குளிர்ந்த இன்ஜின் கொஞ்ச தூரத்துக்குக் கூடக் குடிக்கும், அதை ஒண்ணும் பண்ண முடியாது.

எறக்கத்துல நியூட்ரல் போட்டு உருட்டற பழக்கம் இருந்தா விட்டுருங்க. இப்ப வர்ற இன்ஜெக்‌ஷன் வண்டியில கியர்லயே விட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா பெட்ரோல் அடிக்கறதே நின்னுரும், சக்கரம்தான் இன்ஜினைச் சுத்தும். நியூட்ரல்ல ஐடில்ல நிக்கறதுக்கு எண்ணெய் வேணும். வால்பாறை 40 கொண்டை ஊசியிலயும் கியர்லதான் எறக்குவேன், அது எண்ணெய்க்காக இல்லை, உசுருக்காக.

தறிச்சத்தம் – 2 நவம்பர் 2025

ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். ஐயா சொன்னாப்புல நாலு டேங்க் பார்த்தாச்சு. டயர் காத்து பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா, ஸ்கூல் வாசல்ல இன்ஜின் ஆஃப். அளவைக் கடை பில் புக்கு பின்னாடி எழுதி வெச்சேன்.

செப்டம்பர்ல காத்து அடிச்சுட்டு இருந்தப்ப சாதா: 482 கிலோமீட்டர், 29.6 லிட்டர், 16.3. அடுத்த டேங்க் 95: 471 கிலோமீட்டர், 28.7 லிட்டர், 16.4.

அக்டோபர்ல காத்து நின்னதுக்கப்புறம் சாதா: 506 கிலோமீட்டர், 28.4 லிட்டர், 17.8. அப்புறம் 95: 498 கிலோமீட்டர், 27.9 லிட்டர், 17.8-தான். புள்ளிக்கு அப்புறம் ரெண்டாவது எண்ல கொஞ்சம் கூட, ஆனா அதை எழுதவே வெக்கமா இருக்கு.

செப்டம்பர் கணக்கையே எடுத்துக்கங்க. ஒரு டேங்குக்கு 230 ரூபாய் கூடக் கொடுத்து நாலு கிலோமீட்டர் வாங்கியிருக்கேன். பங்க் பையன்கிட்ட இதைச் சொன்னேன். "உங்க வண்டி பழசுங்ணா"ன்னுட்டான். இப்ப சாதாதான் ஊத்தறேன்.

டாப்கியர் – 2 நவம்பர்

பிக்கப்?

தறிச்சத்தம் – 2 நவம்பர்

40 கிலோ இரும்போட போறவனுக்கு என்னத்த பிக்கப்புங்க தம்பி.

பழைய டிரைவர் – 3 நவம்பர்

அப்ப அதை இன்னும் எறக்கலையா?

தறிச்சத்தம் – 3 நவம்பர்

இந்த வாரம் கொடுத்துருவேனுங்க ஐயா.