இருக்கிற இன்வெர்ட்டருக்கு நாமே பேனல் மாட்டினா கரண்ட் பில் குறையுமா?

மாடிவீடு:
மதுரைப் பக்கம் திருமங்கலத்துல எனக்கு ஒரு மாடி வீடு. 900 விஏ சைன்வேவ் இன்வெர்ட்டரும், 12 வோல்ட் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரியும் ஏற்கெனவே இருக்கு. ரெண்டு மாசத்துக்கு 420 யூனிட் ஓடுது, ஏசி போடுற கோடையில 560. கடைக்காரர் ஒருத்தர், "540 வாட் பேனல் ரெண்டு, பேனல் கரண்டைப் பேட்டரிக்கு ஏத்துற பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் ஒண்ணு தர்றேன், நீங்களே மாட்டிக்கலாம்"கிறார். மாட்டலாமா, இல்ல மானியத் திட்டத்துக்கே போயிரலாமா?

மின்கம்பி:
தாராளமா மாட்டலாம். அந்த பி.டபிள்யூ.எம்.மை மட்டும் வாங்காதீங்க. 540 வாட் பேனல் 41 வோல்ட்டுல 13 ஆம்பியர் தர்ற சாமான். பி.டபிள்யூ.எம். அதைப் பேட்டரி வோல்டேஜுக்கு இழுத்துரும். 13 ஆம்பியர், 13 வோல்ட், ஆக மொத்தம் 170 வாட்தான் உள்ள வரும். மூணுல ஒரு பங்குகூட இல்ல. பேனலோட முழு பவரையும் எடுத்துத் தர்ற எம்.பி.பி.டி. கன்ட்ரோலரா வாங்குங்க. 40 ஆம்பியர், 100 வோல்ட் தாங்குறது போதும். ரெண்டு பேனலையும் சீரீஸ்ல, ஒண்ணு பின்னால ஒண்ணாக் கோத்துப் போட்டா வயர்ச் செலவும் கம்மி.

வைகைக்கரை:
இதில் ரெண்டு ஓட்டை இருக்கு. முதல் ஓட்டை: இந்த அளவுப் பேனலுக்கு லோடு இல்லாத வோல்டேஜ் 49.5 அளவில் இருக்கும். சீரீஸில் ரெண்டு போட்டால் 99. அது 25 டிகிரிக்கான கணக்கு. குளிரக் குளிர டிகிரிக்கு 0.27 சதவீதம் ஏறும். மார்கழி விடியலில் 20 டிகிரி இருந்தால் 100.3 வோல்ட். 100 வோல்ட் கன்ட்ரோலருக்கு அதுவே கடைசி மார்கழி. வாரண்டியும் கிடைக்காது. ரெண்டாவது: 40 ஆம்பியரை 13.5 வோல்ட்டால் பெருக்கினால் 540 வாட். ரெண்டாவது பேனல் எதற்கு, மாடிக்கு அழகுக்கா?

இதைவிடப் பெரிய சிக்கலை யாரும் சொல்லவில்லை. ஈ.பி. கரண்ட் இருக்கும்வரை சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரியைத் தொடவே தொடாது. ராத்திரியே ஈ.பி.யில் சார்ஜ் ஏற்றி ரொப்பி வைத்திருக்கும். காலையில் வெயில் வந்தால் பேனல் வேலையில்லாமல் சும்மா கிடக்கும். கரண்ட் போகிற அன்றைக்கு மட்டும் உதவும். பில்லில் பத்து யூனிட்கூடக் குறையாது.

மின்கம்பி:
100 வோல்ட் விஷயம் என் தப்பு, ஒத்துக்கிறேன். ஒரு பேனல் போதும். ஆனா பேனல் சும்மா கிடக்கும்னு நீங்க சொல்றதுக்கு வழி இருக்கு. பகல்ல இன்வெர்ட்டருக்குப் போற ஈ.பி. இன்புட்டைக் கட் பண்ணணும். காலை 9-லிருந்து மாலை 4 வரை ஒரு டைமர். அதுகூடவே பேட்டரி வோல்டேஜ் பாத்துத் தானா மாறுற சுவிட்ச், அதாவது ரிலே, 12.2-க்குக் கீழ இறங்கினா ஈ.பி.யைத் திரும்ப விடுற மாதிரி. மேகம் போட்ட நாள்ல இந்த ரிலேதான் பேட்டரியைக் காப்பாத்தும். அந்த போர்டுல இருக்கிற குட்டி ரிலேல வீட்டு லோடை நேராக் கோக்காதீங்க, கான்டாக்ட் ஒட்டிக்கும். அது ஒரு 16 ஆம்பியர் கான்டாக்டரை, அதாவது பெரிய ரிலேயை, இழுத்தா போதும், லோடை கான்டாக்டர் தாங்கும்.

பகல்ல ஃபேன், ஃப்ரிட்ஜ், டிவி எல்லாம் சேத்து சராசரி 200 வாட்னு வைங்க. 7 மணி நேரம், 60 நாள், 84 யூனிட். கோடையில 560 அப்ப 476 ஆகும். 500-ஐத் தாண்டினா 101-ஆவது யூனிட்டுலேருந்தே ரேட்டு மாறுது. அந்தக் கோட்டுக்குக் கீழ நிக்கிறதுதான் இதுல லாபமே.

ஒளிவிளக்கு:
எதுக்குண்ணே இவ்வளவு சுத்து? பேனல் கரண்டை நேரா வீட்டுக் கரண்டா மாத்துற 600 வாட் மைக்ரோ இன்வெர்ட்டர் ஆன்லைன்ல கிடைக்குது. பேனலைச் சொருகி, ப்ளக்கை வீட்டு சாக்கெட்டுல மாட்டினா முடிஞ்சது.

வைகைக்கரை:
தம்பி, வேண்டாம். போகிற, வருகிற யூனிட்டைக் கழித்துக் கணக்கிடும் நெட் மீட்டருக்கு அனுமதி இல்லாமல் ஈ.பி. லைனில் கரண்ட் ஏற்றுவது முறையும் இல்லை, லாபமும் இல்லை. சாதாரண மீட்டர் பலவும் கரண்ட் எந்தப் பக்கம் போனாலும் முன்னோக்கியே எண்ணும். திருட்டைத் தடுக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். நீங்கள் வெளியே அனுப்புகிற யூனிட்டுக்கும் சேர்த்து நீங்களே பில் கட்டுவீர்கள். தரமில்லாத இன்வெர்ட்டர் கரண்ட் போனதும் நிற்காவிட்டால், கம்பத்தில் ஏறியிருப்பவர் உயிருக்கு யார் பொறுப்பு?

கேட்டவருக்கு: 2024-இல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு ₹60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் ₹78,000 மானியம். பதிவுபெற்ற நிறுவனம்தான் மாட்ட வேண்டும். பேனல் மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் செய்ததாக, டி.சி.ஆர். பேனலாக இருக்க வேண்டும். சொந்தமாக மாட்டினால் ஒரு பைசா வராது. ஒரு கிலோவாட் நாளுக்கு 4 யூனிட் என்றாலும், 2 கிலோவாட் ரெண்டு மாதத்தில் 480 யூனிட். உங்கள் மொத்தச் செலவே அவ்வளவுதான். டைமர், ரிலே, கான்டாக்டர் எதுவும் வேண்டாம்.

மின்கம்பி:
கரண்ட் போனா இந்தத் திட்டத்துல மாட்டுற, ஈ.பி. லைனோட சேந்து ஓடுற ஆன்கிரிட்டும் போயிரும்னு ஏன் சொல்லல? நட்ட நடு வெயில்லயும் நின்னுரும்.

வைகைக்கரை:
நிற்கத்தான் வேண்டும், அதுதான் பாதுகாப்பு. கரண்ட் போனால் பார்த்துக்கொள்ள அவரிடம் பழைய இன்வெர்ட்டர் இருக்கிறதே.

கரிசல்காரன்:
ரெண்டு பேரும் வயரையே பேசுறீக. மாடியைப் பாப்போம்.

மதுரை 10 டிகிரி அட்சரேகையில இருக்கு. ஏப்ரல் நடுவுலேருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கால நிக்கும். வடபக்கம் இருக்கிற தண்ணித் தொட்டி நிழல் தராதுன்னு தெக்க ஒட்டிப் பேனலை வச்சிருவாக. ஆனி மாசம் காலை 8 மணிக்கு ஆறடித் தொட்டியோட நிழல் தென்மேற்காக் கிட்டத்தட்டப் பன்னெண்டு அடி நீண்டு கிடக்கும். பேனல்ல ஒரு மூலை நிழல்ல விழுந்தாக்கூட மூணுல ஒரு பங்கு போயிரும். தெக்கப் பாத்து 10 டிகிரி சாய்ச்சா போதும். தட்டையா வச்சா தூசியும் தண்ணியும் விளிம்புல தேங்கி கறை கட்டும்.

அடுத்து ஆடிக் காத்து. பேனல் எடை 28 கிலோ, பரப்பு 2.58 சதுர மீட்டர். மணிக்கு 100 கி.மீ. காத்து அடியில புகுந்தா ஒரு பேனலை 120 கிலோ அளவுக்குத் தூக்கும். தட்டோடு பதிச்ச தளத்துல ஆங்கர் போல்ட் அடிச்சா ஐப்பசி மழைக்கு சீலிங் ஒழுகும். ஓட்டை போடாம, நீளம், அகலம், உயரம் மூணும் ஒரு அடி வர்ற கான்கிரீட் கட்டை நாலு போடுங்க. ஒண்ணு 68 கிலோ வரும், நாலும் 272. பேனல் ஸ்டாண்டோட கால்களை அதுக்குள்ளயே வச்சு வார்த்துரணும். கட்டை சுவருக்கு மேலயோ பீமுக்கு மேலயோ வரணும், நடுத்தளத்துல வேணாம்.

எர்த்துக் குழியைச் சுத்தி இருக்கிற கரிசல் மண்ணு சித்திரையில வெடிச்சு ரெசிஸ்டன்ஸ் ஏறிரும். குழிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும். போர்த் தண்ணியில பேனல் கழுவாதீக, வெள்ளையா உப்புப் பூத்துரும். பிடிச்சு வச்ச மழைத் தண்ணி, இல்லன்னா குடிதண்ணி, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. அழகர்கோவில் பக்கம் வீடுன்னா வயரை பி.வி.சி. பைப்புக்குள்ள விட்டுருங்க, இல்லன்னா குரங்கு ஊஞ்சல் கட்டும்.

மின்கம்பி:
அப்படியே வயரிங்கும். பேனல்லேருந்து 4 சதுர மி.மீ. சோலார் வயர், வயர் முனையில வர்ற எம்.சி.4 கனெக்டரை அதுக்கான க்ரிம்பர்லதான் அழுத்தணும். கட்டிங் ப்ளையர்ல நசுக்கினா அந்த ஜாயிண்ட் சூடாகி ஒரு வருசத்துல உருகும். பேனல் பக்கம் டி.சி.க்கான எம்.சி.பி. (கோளாறுன்னா தானா விழுற சுவிட்ச்)தான். வீட்டுக் கரண்டுக்கான ஏ.சி. எம்.சி.பி. போட்டா ஆர்க் (தீப்பொறி) அணையாது, ஏன்னா டி.சி.யில கரண்ட் பூஜ்யத்தைத் தொடவே தொடாது. ப்ளஸ், மைனஸ் குறி போட்ட டி.சி. எம்.சி.பி.யைத் தலைகீழா மாட்டினா அதுவே எரியும். பேட்டரி ப்ளஸ்லேருந்து ஒரு சாணுக்குள்ள 50 ஆம்பியர் ஃப்யூஸ், கன்ட்ரோலர் வரைக்கும் 10 சதுர மி.மீ. வயர், ஆறடிக்கு மேல வேணாம். மாட்டும்போது முதல்ல பேட்டரி, அப்புறம் பேனல். கழட்டும்போது பேனல் முதல்ல. மாத்திச் செஞ்சா கன்ட்ரோலர் 12 வோல்ட்டா 24-ஆன்னு தப்பா எடுத்துக்கும்.

150 ஏ.எச். பேட்டரிக்குள்ள 40 ஆம்பியரை ஏத்தாதீங்க. சார்ஜ் லிமிட்டை 20-ல நிறுத்துங்க. சார்ஜ் வோல்டேஜ் 14.4, மாசம் ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டர்.

கரிசல்காரன்:
இன்னொண்ணு விட்டுப்போச்சு. வீட்டுல நாலு பழைய 75 வாட் ஃபேன் இருந்து, நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடுதுன்னு வைங்க. கரண்ட் கம்மியா எடுக்கிற 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் போட்டா ரெண்டு மாசத்துக்கு 108 யூனிட் மிச்சம். உங்க பேனல் தர்றது 84. மாடி ஏறவே வேணாம்.

மாடிவீடு:
நாலும் பழைய ஃபேன்தான். போன ஆறு பில்லையும் எடுத்துப் பாத்தேன், 500-ஐத் தாண்டினது ரெண்டே தடவை. முதல்ல ஃபேன் மாத்துறேன். ஆடி முடிஞ்சதும் ஒரு பேனல், எம்.பி.பி.டி., டைமர்.

வைகைக்கரை:
செய்யுங்கள். ரெண்டாவது ஏசி வாங்குகிற அன்றைக்கு ஆன்கிரிட்டுக்கு வருவீர்கள். அப்போது இந்த ஒரு பேனல் மானியக் கணக்கில் சேராது. அதைத் தெரிந்தே வாங்குங்கள்.

மின்கம்பி:
சேராட்டி என்ன, கரண்ட் போனாலும் மாடியில வேலை செய்யுற பேனல் அது ஒண்ணுதான்.