விக்கி (படிப்பவர்களே பக்கங்களை எழுதித் திருத்தி இணைக்கக்கூடிய வலைத்தளம்) வருமுன்பே விக்கி மாதிரி எதையாவது தொட்டிருக்கிறீர்களா?

ராயப்பேட்டைக்காரர்:

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராயப்பேட்டையில் ஒரு டிடிபி கடையில் வேலை. கல்யாணப் பத்திரிகை, பில் புக், கையேடு. கம்ப்யூட்டர் மெக்கின்டாஷ் எஸ்இ, 9 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை. ஆப்பிள் 1987-ல் வெளியிட்ட, பில் அட்கின்சன் எழுதிய ஹைப்பர்கார்டு என்ற மென்பொருள் அதில் இலவசமாகவே இருந்தது. முதலாளி அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்தார். நல்லதாகப் போயிற்று, என்னை நோண்ட விட்டுவிட்டார்.

ஒரு அட்டை. அதில் எழுத்து, படம், பொத்தான். பொத்தானை அமுக்கினால் வேறொரு அட்டை. வாடிக்கையாளருக்கு ஒன்று, ஃபான்ட்டுக்கு ஒன்று என்று போட்டு வைத்தேன். "போன தடவை போட்ட அதே எழுத்து வேணும்" என்று வந்து நிற்பவரை உட்காரச் சொல்வதற்குள் அட்டை வந்துவிடும். புதிதாக ஒருவர் வந்தால்தான் எரிச்சல். முதலில் அட்டை, பிறகு பொத்தான், பிறகு இரண்டுக்கும் முடிச்சு.

இந்த எரிச்சலுக்கு, முதல் விக்கியை உருவாக்கிய அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் வழி கண்டிருந்தார் என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். ஆட்கள், யோசனைகள், திட்டங்கள் என்று அவரும் ஹைப்பர்கார்டில் அட்டைகள் வைத்திருந்தார். இல்லாத அட்டையின் பெயரை எழுதிவிட்டு அங்கே போகச் சொன்னால் அட்டை அப்போதே பிறக்கும்! 1995 மார்ச் 25-ல் அவர் வலையில் ஏற்றிய விக்கிவிக்கிவெப்பிலும் அதே யோசனைதான்: பக்கம் இல்லாத பெயருக்கு அருகே ஒரு கேள்விக்குறி, அமுக்கினால் எழுதலாம். ஹொனலூலு விமான நிலையத்தின் 'விக்கி விக்கி' பேருந்திலிருந்து பெயர் வந்த கதையை எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்விக்குறிதான் பெரிசு.

தரமணி:

சார், அந்தக் கேள்விக்குறிதான் இன்னிக்கு விக்கிப்பீடியாவில் சிவப்பு இணைப்பு, இன்னும் பக்கம் இல்லாத பெயர் சிவப்பாத் தெரியும். இங்கே ஒரு பயிலரங்கில் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதச் சொல்லிக்கொடுத்தேன். மாணவர்கள் முதலில் கேட்டதே "சிவப்பா இருக்கே, தப்பா?" என்றுதான். கூவம் பற்றி எழுத வந்த ஒரு பொண்ணு சிவப்பாகத் தெரிந்த ஊர்ப் பெயரைத் தட்டி, கூவத்தை விட்டுவிட்டு அந்த ஊரையே எழுதிட்டுப் போயிடுச்சு.

வார்டோட விக்கி அப்படியே இருந்திருந்தா நமக்கு உதவியிருக்காது. சொற்களை ஒட்டி, ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் கேப்பிட்டலில் போட்டால்தான் அதில் இணைப்பு. தமிழில் கேப்பிட்டலுக்கு எங்கே போவது? 2001-ல் விக்கிப்பீடியா யூஸ்மாட்விக்கி என்ற மென்பொருளில் ஓடியபோது, எந்தச் சொல்லையும் [[ ]] என்ற இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டு இணைப்பாக்கும் வழி வந்தது. 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கும்போது அந்தத் தொல்லை இல்லை.

நங்கநல்லூர்:

விக்கியைப் பற்றியே பேசறீங்க, வலைப்பதிவு பக்கம் யாருமே வரலையே! நான் 2004 வாக்கில் மாம்பலத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பதிவு எழுதினவள். எழுதுவதை முதலில் தலைப்பு, அதற்குள் துணைத்தலைப்பு என்று மடித்து விரிக்கிற அவுட்லைனரில் போடுவேன். டேவ் வைனர் அந்த மாதிரி மென்பொருள் செய்தே பேர் வாங்கினவர். 1983-ல் 'திங்க்டேங்க்', அப்புறம் மெக்கின்டாஷுக்கு 'மோர்' (MORE). அவரேதான் 1997-ல் ஸ்கிரிப்டிங் நியூஸ் என்ற வலைப்பதிவை ஆரம்பித்தார்.

ஆனா விக்கி அட்டையிலிருந்து, வலைப்பதிவு அவுட்லைனரிலிருந்து என்று நேர்கோடு போடாதீங்க. ஜஸ்டின் ஹால் என்ற அமெரிக்க மாணவர் 1994-லேயே வெறும் எச்டிஎம்எல்லைக் கையால் தட்டித் தன் வாழ்க்கையைப் பொதுவில் எழுதிக்கொண்டிருந்தார்.