கிரீஸ்ல கட்சி யாரு கையில? எங்க குடும்ப குரூப்ல ஓடுன பேச்சு

அருண்: மீனாக்கா இருக்கீங்களா, வியாழக்கிழமை காலேஜ் செமினார்ல எனக்கு ஐரோப்பா கட்சி அரசியல்னு டாபிக் குடுத்துருக்காங்க, நான் கிரீஸ் எடுத்துட்டேன். பழைய ஏதென்ஸ் கதைய விட்டுட்டு இப்ப இருக்குற கட்சிங்க எப்படி வந்துச்சுன்னு பேசலாம்னு பாக்குறேன். எங்கருந்து தொடங்க?

மீனா: இருக்கேன்டா. பழைய ஏதென்ஸ்ல நம்ம சொல்ற மாதிரி கட்சியே கிடையாது, அத விட்டது நல்லது. 1843ல தொடங்கு.

மீனா: 1821ல ஒட்டோமான் ஆட்சிய எதிர்த்து கிளம்பி சண்ட போட்டு நாடு வாங்குனாங்க, ஆனா பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூணும் சேந்து பவேரியாவுல இருந்து ஓட்டோன்னு 17 வயசுப் பையன ராஜாவா கொண்டாந்து உக்கார வச்சுட்டாங்க. அப்ப இருந்த கட்சிங்க பேரே ரஷ்யக் கட்சி, ஆங்கிலேயக் கட்சி, பிரெஞ்சுக் கட்சி தான். 1843 செப்டம்பர் 3ஆம் தேதி ராத்திரி பட்டாளமும் ஜனங்களும் அரண்மனை முன்னாடி கூடி அரசியல் சட்டம் குடுன்னு நின்னாங்க, ராஜா இறங்கி வந்தாரு. அந்த இடந்தான் சின்டாக்மா சதுக்கம். அந்த அரண்மனை தான் இன்னிக்கு பார்லிமெண்ட்.

சித்தப்பா: அங்க நின்னுருக்கேன்மா. ஏதென்ஸ் துறைமுகம் பிரேயஸ்ல கப்பல் நின்னா ரயிலேறி போயிரலாம். இப்பவும் என்ன போராட்டம்னாலும் அங்க தான் கூடுவாங்க

அருண்: அப்ப ஓட்டு எல்லாருக்கும் இருந்துச்சா

மீனா: ஆம்பளைங்களுக்கு கிட்டத்தட்ட எல்லாருக்கும், 1844லயே. அந்தக் காலத்துக்கு அது ரொம்ப பெரிய விஷயம், பிரிட்டன்லயே அப்ப அப்படி இல்ல. ஓட்டு போட்ட விதத்தையும் சொல்லு, கேக்குறவங்க நிமிந்து உக்காருவாங்க. 1864க்கு அப்புறம் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனியா ஒரு பெட்டி, உள்ள ரெண்டா தடுத்து ஒரு பக்கம் வெள்ள, ஒரு பக்கம் கறுப்பு, முன்னாடி ஒரு குழாய் நீட்டிக்கிட்டு இருக்கும். ஓட்டு போட வர்றவன் கையில ஒரு சின்ன ஈயக் குண்ட குடுப்பாங்க, அவன் குழாய்க்குள்ள கைய விட்டு வேணும்னா வெள்ளப் பக்கம், வேணாம்னா கறுப்புப் பக்கம் போடணும், அப்புறம் அடுத்த பெட்டிக்கு அடுத்த குண்டு. எழுத்துத் தெரியாதவனும் போடலாம், கை எந்தப் பக்கம் திரும்புதுன்னு வெளிய நிக்கிறவனுக்குத் தெரியாது. 1920கள் வரைக்கும் இது தான் நடந்துச்சு.

அருண்: அக்கா சூப்பர், இது யாரும் சொல்ல மாட்டாங்க

மீனா: ஆனா இதுல கட்சி எங்க இருக்கு பாரு. நீ ஆளுக்கு தான் ஓட்டு போடுற. ஊர்ப் பெரிய மனுஷன் ஜெயிச்சு போவான், எவன் பிரதமரோ அவன் பின்னாடி நிப்பான், உனக்கு ஒரு வேல, உன் மாப்ளைக்கு ஒரு சிபாரிசு. ராஜாவும் பார்லிமெண்ட்ல ஆதரவே இல்லாத ஆளக் கூட பிரதமராக்கிட்டு இருந்தாரு. 1874ல த்ரிகூபிஸ்னு ஒரு அரசியல்வாதி இதுக்கெல்லாம் ராஜா தான் காரணம்னு பேப்பர்ல கட்டுரை எழுதுனாரு, பிடிச்சு உள்ள போட்டாங்க. ஆனா அடுத்த வருஷமே ராஜா அவர் சொன்னத ஏத்துக்க வேண்டியதாச்சு, பெரும்பான்மை நம்பிக்கை யாருக்கு இருக்கோ அவங்க தான் அரசாங்கம்னு. ஒரு கட்டுரையால ஒரு நாட்டோட நடைமுறை மாறுனது எனக்கு இன்னும் ஆச்சரியம் தான்.

பெரியம்மா: மீனா நீ வாய்ஸ் நோட்டா போடும்மா கண்ணு தெரியல

மீனா: சரி பெரியம்மா சாயங்காலம் போடுறேன், இப்ப ஸ்டாஃப் ரூம்ல இருக்கேன்

அருண்: வெனிசெலோஸ், உலகப் போர் எல்லாம் எவ்ளோ சொல்லணும்

மீனா: ரெண்டு நிமிஷம் போதும். 1910ல வெனிசெலோஸ் லிபரல் கட்சிய ஆரம்பிச்சு பிரதமரானாரு, 1915ல அவருக்கும் ராஜாவுக்கும் சண்டையாகி நாடே ரெண்டாப் பிளந்துச்சு, 1936ல மெடாக்ஸாஸ் சர்வாதிகாரம், அப்புறம் ஜெர்மன்காரன், 1946ல இருந்து 49 வரைக்கும் உள்நாட்டுப் போர். ஆனா போருக்குப் பிறகு வந்த கால் நூற்றாண்ட அவசரமா தாண்டிராத. கம்யூனிஸ்ட் கட்சிக்கு 1947ல இருந்து தடை. தேர்தல் நடக்குது, பார்லிமெண்ட் கூடுது, ஆனா கவர்மெண்ட் வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போனா போலீஸ்கிட்ட இருந்து உன் கருத்து சுத்தமா இருக்குன்னு ஒரு சர்டிபிகேட் வேணும். உங்க மாமா மலையில இடதுசாரிங்க கூட இருந்தாருன்னா உனக்குக் கிடைக்காது.

சித்தப்பா: இது நெசம். எங்க சீஃப் இஞ்சினியர் ஒருத்தர் கிரேக்கர், அவங்க அப்பாவுக்கு டிரைவிங் லைசென்ஸ் குடுக்கலயாம், அண்ணன் ஒருத்தர் அந்தப் பக்கம் இருந்தாருங்கறதுக்காக. அந்த மனுஷன் லாரி ஓட்டிப் பிழைக்கலாம்னு இருந்தவரு. ராத்திரி இஞ்சின் ரூம் வாட்ச்ல எங்கிட்ட சொல்லும்போது குரல் மாறிப்போச்சு அவருக்கு

மீனா: இத சொல்லு அருண். ஓட்டு இருந்தும் பயம் இருந்தா அங்க கட்சி வளராது. 1963ல தெசலோனிக்கில லம்பிராகிஸ்னு ஒரு இடதுசாரி எம்.பி.ய கூட்டம் முடிஞ்சு வரும்போது நடுத்தெருவுல அடிச்சுக் கொன்னாங்க. 1967 ஏப்ரல் 21 கர்னல்கள் ஆட்சியப் பிடிச்சாங்க. 73 நவம்பர் 17 விடியக்காலம் ஏதென்ஸ் பாலிடெக்னிக் கேட்ட டாங்க் இடிச்சு உள்ள போச்சு, ஆட்சிய எதிர்த்து உள்ள கூடுன பிள்ளைங்க கேட்டுக்குப் பின்னாடி நின்னுட்டு இருக்கும்போதே.

பெரியம்மா: பாவம் பெத்தவங்க

மீனா: ஆமா பெரியம்மா. அதுக்கு அடுத்த வருஷம் சைப்ரஸ்ல கர்னல்கள் கைய வச்சு துருக்கி படை இறங்குனதும் ஆட்சி தானா உடைஞ்சுது. பாரிஸ்ல இருந்த முன்னாள் பிரதமர் கரமன்லிஸ் 1974 ஜூலை 24 விடியக்காலம் பிரெஞ்சு ஜனாதிபதி குடுத்த விமானத்துல வந்து இறங்குனாரு. வந்து என்ன பண்ணாரு பாரு, அவர் வலதுசாரி, இருந்தும் கம்யூனிஸ்ட் கட்சி தடைய எடுத்தாரு. நாலே மாசத்துல தேர்தல், டிசம்பர்ல ராஜா வேணுமா வேணாமான்னு வாக்கெடுப்பு, 69 சதவீதம் வேணாம்னுட்டாங்க. அந்த மனுஷன் மேல எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அருண்: பாசோக்னு அந்த சோசலிஸ்ட் கட்சி அப்ப தான் வந்துச்சா

மீனா: அதே 74, தேதியும் செப்டம்பர் 3. ஆந்த்ரேயாஸ் பாப்பாந்த்ரேயு ஆரம்பிச்சாரு. கரமன்லிஸோட நியூ டெமாக்ரசி ஒரு மாசம் கழிச்சு. பாசோக் செஞ்சது அந்த ஊருக்குப் புதுசு, பெரிய மனுஷன் வீட்ட நம்பாம ஊருக்கு ஊர் கிளை, அங்க உறுப்பினர், கூட்டம், வாக்குவாதம். நேத்து வரைக்கும் போலீஸ் சர்டிபிகேட்டுக்குப் பயந்த வீட்டு ஆளுங்க முதல் தடவையா ஒரு கட்சி ஆபீஸ்ல நாற்காலி போட்டு உக்காந்தாங்க. 74ல 13.6 சதவீதம், 77ல 25, 81ல 48 சதவீதம் வாங்கி ஆட்சி. யாரும் சுடல, யாரையும் நாடு கடத்தல, தோத்தவங்க எந்திரிச்சு எதிர் வரிசைக்குப் போனாங்க. அந்த நாட்டு வரலாறு தெரிஞ்சா அது எவ்வளவு பெருசுன்னு புரியும்.

பெரியம்மா: பொம்பளைங்களுக்கு என்ன பண்ணாங்க அதச் சொல்லு

மீனா: நாடு முழுக்க தேர்தல்ல ஓட்டு 1952ல தான் வந்துச்சு பெரியம்மா. 83ல பாசோக் ஆட்சியில குடும்பச் சட்டத்த மாத்துனாங்க, சட்டத்துல இருந்த வரதட்சணைய எடுத்துட்டாங்க, புருஷன் தான் குடும்பத் தலைவன்ங்கறதும் போச்சு, கல்யாணத்துக்கு அப்புறமும் பொண்ணுக்கு அவ பேரு தான்.

பெரியம்மா: இத மொதல்ல சொல்லுடா அருண். என் ரெண்டு தங்கச்சிங்க கல்யாணத்துக்கு உங்க தாத்தா வயல வித்தது எனக்குத் தான் தெரியும்

சித்தப்பா: மீனா நல்லதையே சொல்ற. கிராமத்துல டீக்கடை மாதிரி காபிக்கடை இருக்கும், ஒண்ணு பாசோக்காரன் பச்சைக் கடை, எதிர்த்தாப்ல நியூ டெமாக்ரசிக்காரன் நீலக் கடை, இவன் அங்க போக மாட்டான் அவன் இங்க வர மாட்டான். எந்தக் கட்சி வந்தாலும் அவங்க ஆளுக்கு கவர்மெண்ட் வேல. எங்க ஆபீஸ்ல இருந்தவங்களே சொல்வாங்க

மீனா: சரியாச் சொன்னீங்க சித்தப்பா, அங்க தான் கெட்டுச்சு. பாசோக்லயே கேள்வி கேட்ட ஆளுங்கள 75லயே ஆந்த்ரேயாஸ் வெளிய அனுப்புனாரு, முதல் மாநாடு கூட்டுனதே 84ல, ஆட்சிக்கு வந்து மூணு வருஷம் கழிச்சு. கிளையில உக்காந்து பேச வந்தவன் மெல்ல வேல கேட்டு வர்றவனா ஆயிட்டான். குடுக்க காசு இருந்த வரைக்கும் கட்சி நின்னுச்சு. 2010ல கடன் நெருக்கடி வந்து சம்பளத்தயும் பென்ஷனயும் வெட்டுனதும், 2009ல 43.9 சதவீதம் வாங்குன கட்சி 2012 மே மாசம் 13.2, 2015 ஜனவரி 4.7.

அருண்: அக்கா ஆறு வருஷத்துலயா?

மீனா: ஆமாடா. ஐரோப்பா முழுக்க இன்னிக்கு வரைக்கும் கட்சிக்காரங்க இத நெனச்சு பயப்படுறாங்க. ஓட்டெல்லாம் சிரிசாங்கற இடதுசாரிக் கட்சிக்குப் போச்சு, கொஞ்சம் கோல்டன் டான் மாதிரி நாஜிக் கும்பலுக்கும் போச்சு, அவங்க தலைவர்கள 2020ல கோர்ட் குற்றக் கும்பல்னு தீர்ப்பு குடுத்து ஜெயில்ல போட்டுச்சு.

சித்தப்பா: 2015 ஜூலைல நான் பிரேயஸ்ல இருந்தேன். பேங்க் மூடியாச்சு, ஏடிஎம்ல ஒரு நாளைக்கு 60 யூரோ தான். வெளிநாட்டுக் கார்டுக்கு அந்த வரம்பு கிடையாது, அதனால எனக்கு வேணுங்கறது வந்துச்சு, எனக்கு முன்னாடி நின்ன வயசான அம்மா மூணு இருபது யூரோ நோட்ட எண்ணி பர்ஸ்ல வச்சுட்டு ஒரு வார்த்த பேசாம போனாங்க. அந்த வாரம் தான் வாக்கெடுப்பு, 61 சதவீதம் கடன் கொடுத்தவங்க நிபந்தனை வேணாம்னு போட்டாங்க, ஒரு வாரத்துல சிரிசா பிரதமர் சிப்ராஸ் அதவிடக் கடுமையான ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கிட்டாரு. அந்தம்மா எதுக்கு ஓட்டு போட்டாங்களோ

மீனா: அந்தக் கேள்வி நியாயமானது சித்தப்பா. ஆனா ஒண்ணு, அவ்வளவு பசியிலயும் கோவத்துலயும் டாங்க் வெளிய வரல. செப்டம்பர்ல திரும்ப தேர்தல் வச்சாங்க, 2019ல சிரிசா தோத்துச்சு, இறங்கிப் போச்சு. 74ல போட்ட அஸ்திவாரம் தாங்குச்சு.

அருண்: இப்ப கட்சித் தலைவர உறுப்பினர்களே ஓட்டு போட்டு எடுக்குறாங்கள்ல, அது தான உட்கட்சி ஜனநாயகம்?

மீனா: பாசோக் 2004ல ஆரம்பிச்சது, ஆனா அன்னிக்கு நின்னது ஒரே ஆள், ஆந்த்ரேயாஸ் மகன். நியூ டெமாக்ரசில மித்சோடாகிஸ் 2016ல ஜெயிச்சது உண்மையான போட்டி, அவரும் முன்னாள் பிரதமர் மகன் தான். சிரிசாவுல 2023ல காசெலாகிஸ், அமெரிக்காவுல இருந்து வந்தவரு, எம்.பி.யா கூட இருந்ததில்ல, சில வாரத்துல தலைவர். ஒரே வருஷத்துல கட்சி மத்தியக் குழு இறக்கிருச்சு, கட்சி உடைஞ்சுது. ஓட்டு அன்னிக்கே உறுப்பினராகி அன்னிக்கே தலைவர எடுக்குறதுன்னா வருஷம் பூரா கூட்டத்துக்கு வந்த ஆளுக்கு என்ன மதிப்புடா? எனக்கு அதுல உடன்பாடு இல்ல. கிளை உயிரோட இருக்கணும், அப்ப தான் தலைவர் ஓட்டுக்கு அர்த்தம்.

அருண்: ஆனா அக்கா பூட்டுன கமிட்டில நாலு பேர் முடிவு பண்றதுக்கு இது மேல்னு எனக்குத் தோணுது

மீனா: அத உன் வாதமா வை, கேள்வி வரும், நின்னு பதில் சொல்லு. இன்னொன்னும் சேத்துக்கோ. 2023 பிப்ரவரி 28 கிரீஸ்ல டெம்பிங்கற இடத்துல ரெண்டு ரயில் மோதி 57 பேரு செத்தாங்க, நிறைய பேரு காலேஜ் பிள்ளைங்க. ரெண்டாம் வருஷ நினைவு நாள்ல நாடு முழுக்க அவ்வளவு கூட்டம், கூப்பிட்டது எந்தக் கட்சியும் இல்ல, செத்தவங்க குடும்பங்க. அதே 2023 ஜூன் தேர்தல்ல கிட்டத்தட்ட பாதிப் பேரு ஓட்டே போடல.

சித்தப்பா: சின்டாக்மா அன்னிக்கு நிரம்பி வழிஞ்ச படம் என் ஃபிரண்டு அனுப்புனது இருக்கு, தேடி போடுறேன் அருண், உனக்கு ஸ்லைடுக்கு ஆகும்