சொன்னது பலித்துவிட்டால் அவர் உண்மையான ஊழியரா?

லிங்கராஜபுரம் மருமகள்:
பெங்களூரில் இருக்கிறோம். அத்தைக்கு 67 வயது. ஞாயிறு எங்கள் பழைய சபை, வெள்ளிக்கிழமை மட்டும் பக்கத்துத் தெரு மாடி வீட்டில் உபவாச ஜெபம். அங்கே ஜெபிக்க வரும் ஊழியர் (போதகர்), "உங்களுக்கு முட்டியில் வேதனை, மகன் வேலையில் தடை" என்றாராம். இரண்டும் உண்மை. என் கணவருக்கு மார்ச்சில் வேலை போனது.

அன்றிலிருந்து வீட்டில் வேதத்தில் வரும் சாறிபாத் விதவை கதைதான். பஞ்சத்திலும் கடைசிப் பிடி மாவில் முதலில் எலியா தீர்க்கதரிசிக்கு அடை சுட்டுக் கொடுத்தாள், பானையில் மாவு குறையவில்லை, நீங்களும் "விசுவாச விதை" போடுங்கள் என்று. இரண்டு தடவை 5,000 ரூபாய் கூகுள் பேயில் போயிற்று. இப்போது கையில் கிடக்கும் வளையலுக்கு வந்திருக்கிறது. நான் வாயைத் திறந்தால் எனக்கு விசுவாசம் இல்லையாம். வேதத்திலிருந்து எடுத்துச் சொன்னால் மட்டும் கேட்பார். எதைச் சொல்ல?

கேஜிஎஃப் பையன்:
அக்கா, 67 வயதில் முட்டி வலிக்காத அம்மா எங்கள் தெருவில் ஒருத்தர்கூட இல்லை. நானே தீர்க்கதரிசி ஆகிவிடலாம் போல. வேலை விஷயத்தை ஜெபக் குறிப்புச் சீட்டில் எழுதிக் கொடுத்தாரா, கேளுங்கள்.

லிங்கராஜபுரம் மருமகள்:
கேட்டேன். எழுதித்தான் கொடுத்திருக்கிறார்!

சிவாஜிநகர் வாத்தியார்:
மகளே, சீட்டைக் காட்டிச் சண்டைக்குப் போகாதே. பலித்ததா இல்லையா என்று பேசினால் அவர்கள் பக்கம்தான் ஜெயிக்கும். அடையாளம் பலித்தாலும், அதைச் சொன்னவன் வேறு தேவர்களிடம் இழுத்தால் கேட்காதே என்கிறது உபாகமம் 13. பலித்தது மட்டும் சாட்சி ஆகாது.

அத்தைக்குப் பிடித்த அந்த 1 இராஜாக்கள் 17ஐயே கடைசி வரை வாசிக்கச் சொல். எலியா அடையை வாங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகவில்லை. அந்த வீட்டு மேலறையில் தங்கினார். அவளும் வீட்டாரும் அவரும் அதே மாவைத்தான் அநேக நாள் சாப்பிட்டார்கள். பிள்ளை செத்தபோதும் அங்கேதான் இருந்தார். அவருக்குப் பின் வந்த எலிசா, குஷ்டம் நீங்கிய நாகமான் நீட்டிய காணிக்கையைத் தொடவில்லை. பின்னாலேயே ஓடிப்போய் இரண்டு தாலந்து வெள்ளி வாங்கிய அவர் வேலைக்காரன் கேயாசிக்குக் குஷ்டம் வந்தது. காணிக்கை நேரத்தில் இந்தக் கதையை யாரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை.

பழைய ஏடு:
ஆதித் திருச்சபையின் திதாக்கே என்ற சிறு கையேடு 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் கிடைத்தது. ஆவியில் பேசுகிறேன் என்று "பணம் கொடு" என்பவனுக்குச் செவிகொடுக்காதீர்கள், இல்லாதப்பட்ட பிறருக்காகக் கேட்டால் அவனைக் குற்றம் சொல்லாதீர்கள் என்று அதில் இருக்கிறது. வளையல் யாருக்காம்?

லிங்கராஜபுரம் மருமகள்:
ஊழியருக்கு வண்டி வாங்கவாம், ஐயா.

நேற்று ராத்திரி அத்தையோடு உட்கார்ந்து அந்த அதிகாரத்தை வாசித்தேன். மேலறை வந்த இடத்தில் நிறுத்தி, "இவருக்கு வேலை போனதிலிருந்து அந்த ஐயா ஒருநாளாவது நம் வீட்டுப் படியேறினாரா அத்தை?" என்றேன். பதில் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வளையல் இன்னும் கையில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரட்டும்.